ஊறுகாய்ப் புல்

முகையூர்
16.1.2025

தங்கை பவானிக்கு,

பாண்டுரங்கன் எழுதுவது. இங்கே நான், உன் அண்ணி வெண்ணிலா, மாடு கன்று எல்லாரும் சுகம். அங்கே நீயும் உன் வீட்டுக்காரரும் சுகமாக இருப்பதாக உங்கள் பக்கம் லோடு ஓட்டுகிற சீனுவாசன் சொன்னான்.

பொங்கலன்று போன் போட்டேன். நீ "அண்ணா" என்றாய். அதற்கப்புறம் நீயும் பேசவில்லை, நானும் பேசவில்லை. டவர் கிடைக்கவில்லை என்று உன் அண்ணியிடம் சொன்னேன். டவர் நன்றாகத்தான் இருந்தது. எனக்குத்தான் வாய் வரவில்லை. எழுதினால் வருமோ என்று பார்க்கிறேன்.

உன் கல்யாணத்துக்கு நான் வரவில்லை. மரக்காணத்துக் கடற்கரைப் பையனைக் கட்டிக்கொண்டாள் என்று அன்றைக்கு நான் பேசிய பேச்சை இங்கே திரும்ப எழுத மாட்டேன். உனக்கு மறந்திருக்காது. பொங்கல் வந்தால் ஊரில் ஒவ்வொருத்தனும் கரும்பும் பரங்கிக்காயும் தூக்கிக்கொண்டு தங்கை வீட்டுக்குக் கிளம்புவான். நான் கழனிப் பக்கம் போய் உட்கார்ந்துகொள்வேன். இந்த வருஷம் உட்கார முடியவில்லை.

சீனுவாசனின் குட்டியானை வண்டியில் உனக்குப் பொங்கல் வரிசை வருகிறது. அரிசி, வெல்லம், மஞ்சள் கொத்து, கரும்பு, அண்ணி எடுத்த புடவை, ஒரு வேட்டி. அதோடு பத்து மூட்டை ஊறுகாய்ப் புல்லும் இருக்கிறது. கார்த்திகைப் புயலில் உங்கள் பக்கம் வைக்கோலும் கடலை பறித்த மல்லாட்டைக் கொடியும் அழுகிப்போய், மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு விடுகிற உங்கள் குதிரைகளுக்குத் தீனி கிடைக்காமல் அல்லாடுகிறீர்களாம். மக்காச்சோளத்தைப் பால் பிடிக்கும் பருவத்தில் அறுத்து, பொடியாக நறுக்கி, வெல்லத் தண்ணீர் தெளித்து, குழியில் போட்டுக் காற்றுப் புகாமல் மூடி வைத்தது இது. சைலேஜ் என்பார்கள். புயலுக்கு முன்னால் போட்ட குழி, ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்கவில்லை. நானே இறங்கி மிதித்தேன். பசுக்கள் இதைக் கண்டால் கயிற்றை அறுத்துக்கொண்டு வருகின்றன. மாடு தின்பதைக் குதிரை தின்னாதா?

வண்டி வந்து சேர்ந்ததற்கு இரண்டு வரி எழுது.

பாண்டுரங்கன்

*

கிளியனூர்
18.1.2025

அண்ணனுக்கு,

பவானியின் வணக்கம். நாங்கள் இருவரும் நன்றாக இருக்கிறோம். உங்களுக்கு முட்டிவலி என்று கேள்விப்பட்டேன், அதோடு குழியில் இறங்கி மிதித்தீர்களா? அண்ணி திட்டவில்லையா?

வண்டி வந்தது. வாசலில் கரும்பை இறக்கும்போது பக்கத்து வீட்டு வெள்ளையம்மாள் அக்கா, "இன்னாடி, எங்கிருந்து வருது?" என்றார். "எங்க அண்ணன் வரிசை அனுப்பியிருக்காரு" என்றேன். இந்த வார்த்தையை நான் இந்தத் தெருவில் ஒருநாளும் சொன்னதில்லை. இன்னும் இரண்டு பேர் கேட்கமாட்டார்களா என்று வாசலிலேயே நின்றேன். அப்புறம் உள்ளே போய் நன்றாக அழுதேன். இவர் அந்த வேட்டியைக் கட்டிக்கொண்டு கொட்டகை வேலை பார்த்தார், கழற்றச் சொன்னால் கழற்றவில்லை.

எங்களிடம் மூன்று குதிரைகள். கப்பல், மயிலு, செவலை. கடற்கரைக்காரர் பேர் வைத்தால் குதிரைக்குக்கூடக் கப்பல் என்றுதான் வைப்பார், சிரிக்காதீர்கள். மூட்டையைப் பிரித்ததும் கப்பல் மூக்கை நீட்டிக்கொண்டு வந்தது. மூன்றும் ருசித்துத் தின்றன.

முட்டிக்குத் தைலம் போட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் தங்கை
பவானி

*

கிளியனூர்
18.1.2025

அண்ணிக்கு,

பவானி. இது உங்களுக்கு மட்டும். சீனுவாசனிடம் தனியாகக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? புடவை எனக்கு ரொம்பப் பிடித்த நிறம்.

அண்ணி, அந்தப் புல்லைக் குதிரைகளுக்குப் போடவில்லை. மூட்டையைப் பிரித்தால் நேற்றைய கூழ் மாதிரி புளிப்பு வாசனை. கப்பல் முகர்ந்து பார்க்க வந்தது நிஜம், இவர்தான் கழுத்தைப் பிடித்து இழுத்துவிட்டார். திண்டிவனத்தில் எங்கள் குதிரைகளைப் பார்க்கிற டாக்டரிடம் கேட்டோம். மாட்டுக்கு ரொம்ப நல்லது, குதிரைக்கு வேண்டவே வேண்டாம் என்றார். மாட்டுக்கு நாலு வயிறு, எதையும் அசைபோட்டுச் சமாளித்துவிடும். குதிரைக்கு ஒத்தை வயிறு, வாந்திகூட எடுக்க முடியாது. பிரித்த மூட்டையில் கண்ணுக்குத் தெரியாத பூஞ்சை இருந்தாலும் போதுமாம், வயிற்றுவலி வந்து புரண்டே செத்துவிடுமாம். நாங்கள் போடுவது காய்ந்த அருகம்புல்லும் ஊறவைத்த கொள்ளும்தான். புயலுக்கு அப்புறம் அது கிடைப்பதுதான் கஷ்டம்.

பத்து மூட்டையும் வெள்ளையம்மாள் அக்காவின் மாடுகளுக்குப் போகிறது. இவர், "உங்க அண்ணன்கிட்ட நேரா சொல்லிடேன், இதுல இன்னா இருக்குது" என்கிறார். இவருக்கு என்ன தெரியும்? பிறந்த வீட்டிலிருந்து முதல்முதலாக வந்த வரிசையை ஆகாது என்று எப்படி எழுதுவது? நீங்கள்தான் நல்ல நேரம் பார்த்து மெதுவாகச் சொல்ல வேண்டும்.

பவானி

*

முகையூர்
4.2.2025

அன்பு பவானிக்கு,

அண்ணி எழுதுகிறேன். எனக்கு ஒரு குறையும் இல்லை. உன் அண்ணன் முட்டிக்குத் தைலம் போடுகிறார், நான் இத்தனை நாள் சொல்லிக் கேட்காத மனுஷன் நீ எழுதினதும் போட்டுக்கொள்கிறார்.

நீ சொன்னதைச் சொல்லலாம் என்று இரண்டு தடவை வாயைத் திறந்தேன். முடியவில்லை. உன் கடிதத்தை எனக்குப் படித்துக் காட்டினார். மறுநாள் நான் கேட்கவே இல்லை என்பதுபோல மறுபடியும் படித்துக் காட்டினார். இப்போது சட்டைப் பையில் வைத்துக்கொண்டு டீக்கடைக்குப் போகிறார். மேல்கழனியில் இந்தப் பட்டத்துக்கு நெல் வேண்டாம், மக்காச்சோளம் போடலாம், பவானி குதிரைக்கு ஆகும் என்கிறார். நல்லா சாப்பிடுகிறார், தூங்குகிறார். இப்படி அவரைப் பார்த்து எத்தனை காலம் ஆச்சு தெரியுமா?

மாடு தின்றால் என்ன, வீணாகவா போகிறது? வெள்ளையம்மாள் வீட்டு மாடும் மாடுதானே. இருந்துவிட்டுப் போகட்டும், நீயும் வாயைத் திறக்காதே. காலம் வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

வெண்ணிலா

*

முகையூர்
9.3.2025

தங்கை பவானிக்கு,

இங்கே எல்லாரும் நன்றாக இருக்கிறோம். வெயில் இப்போதே மண்டையைப் பிளக்கிறது. குதிரைகளுக்குத் தண்ணீர் வேளா வேளைக்கு வை.

இரண்டாம் லோடு வருகிறது. பொங்கலுக்கு அப்புறம் போட்ட புதுக் குழி, இந்தத் தடவை இன்னும் பொடியாக நறுக்கச் சொன்னேன். மாட்டின் வாய் பெரிசு, குதிரை நாசூக்காகத் தின்னும் என்று நினைத்தேன். சரிதானா? காலையில் விரும்பித் தின்கின்றனவா, சாயங்காலமா? செவலைக்குப் பிடிக்கிறதா? அதைப் பற்றி நீ ஒன்றும் எழுதவில்லை.

நான் குதிரையைக் கிட்டத்தில் தொட்டுப் பார்த்தவன் இல்லை. சின்ன வயதில் அய்யனார் கோயில் மண் குதிரைமேல் ஏறி உதை வாங்கினதோடு சரி. இந்த வயதில் குதிரைக்குத் தீனி பண்ணுகிறவன் ஆகிவிட்டேன். டீக்கடையில் என்னைக் குதிரைக்காரர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். கூப்பிடட்டும்.

மாப்பிள்ளை இளவழகனை நான் விசாரித்ததாகச் சொல்.

பாண்டுரங்கன்

*

கிளியனூர்
15.3.2025

அண்ணனுக்கு,

வணக்கம். இங்கே எல்லாரும் சௌக்கியம். வெயிலில் கழனிக்குப் போகும்போது தலையில் துண்டு போட்டுக்கொள்ளுங்கள்.

நீங்கள் மாப்பிள்ளை என்று எழுதியிருந்ததை இவரிடம் காட்டினேன். கடிதத்தை வாங்கி வைத்துக்கொண்டார், திருப்பிக் கொடுக்கவில்லை.

செவலைக்குத்தான் உங்கள் புல் ரொம்பப் பிடிக்கிறது. மூன்றும் இப்போது வேறு எதையும் முகர்ந்துகூடப் பார்ப்பதில்லை. உடம்பு பிடித்து மினுமினுப்பாக இருக்கின்றன. கல்யாண வீட்டில் எல்லாரும் என்ன தீனி போடுகிறீர்கள் என்று கேட்கிறார்கள். எங்கள் அண்ணன் குழி போட்டு அனுப்புகிறார் என்று சொல்கிறேன்.

இதற்குமேல் எழுத ஒன்றும் இல்லை.

பவானி

*

முகையூர்
11.5.2025

தங்கை பவானிக்கு,

நான் சுகம். உன் அண்ணி ஒலக்கூரில் அவள் அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள், நாலு நாளில் வருவாள். நானே சமைக்கிறேன், உப்பு மட்டும் கைக்கு அடங்கவில்லை.

ஒரு நல்ல சமாச்சாரம். எங்கள் ஊரில் ஆரோக்கியராஜ் என்று ஒருத்தர் இருக்கிறார். கல்யாணத்துக்கும் மாதா கோயில் தேருக்கும் போகிற ஒரு பெண் குதிரை வைத்திருக்கிறார். ரோசி என்று பேர். வீட்டில் பிள்ளைகள் இல்லை, ரோசிதான் எல்லாம். இந்த வெயிலில் காய்ந்த புல் கிடைக்காமல் மனுஷன் தவித்தார். நான் விடவில்லை. "என் தங்கச்சி குதிர மூணும் இதத்தான் துன்னுது, வேற எதையும் தொடறதில்ல" என்று சொல்லி உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். மாட்டுத் தீனி ஆச்சே என்று இழுத்தார். என் ஆசைக்கு ஆறு மூட்டை அவர் கொட்டகையிலேயே இறக்கிவிட்டேன். காசு வேண்டாம் என்றேன். முதல் மூட்டையை நானே பிரித்து ரோசிக்கு என் கையால் போட்டேன். பயமாகத்தான் இருந்தது. உள்ளங்கையில் அதன் உதடு பட்டது எனக்குப் புதுசு.

உன்னால் நாலு பேருக்கு உதவி. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

பாண்டுரங்கன்

*

முகையூர்
18.5.2025

பவானி,

சௌக்கியம் விசாரிக்கிற நிலையில் இல்லை, அண்ணி எழுதுகிறேன். உன் அண்ணன் எழுதின கடிதம் சீனுவாசன் வண்டியோடு விழுப்புரம் ஒர்க்‌ஷாப்பில் ஒரு வாரமாக முடங்கிக் கிடந்ததாம். நேற்றுத்தான் என் கைக்கு வந்தது. இதோடு சேர்த்து அனுப்புகிறேன், முதலில் அதைப் படி.

அந்தக் குதிரை செத்துப்போச்சு.

நான் ஒலக்கூரிலிருந்து வந்து பஸ்ஸை விட்டு இறங்கும்போதே சொன்னார்கள். திறந்த மூட்டை வெயிலில் சூடேறி உள்ளே பூஞ்சை பூத்திருக்கிறது. ரோசி விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்ததாம், படுத்துப் புரண்டதாம். டாக்டர் வந்து குழாய் விட்டும் பிழைக்கவில்லை. ஆரோக்கியராஜ் அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சத்தம் போடவில்லை, சண்டைக்கும் வரவில்லை. "உங்க தங்கச்சி குதிரைக்கு ஒண்ணும் ஆவலிங்களா?" என்று மட்டும் கேட்டாராம்.

உன் அண்ணன் அத்தனை பேர் நடுவில் உன் கடிதத்தை எடுத்து மறுபடியும் படித்தார். "என் தங்கச்சி பொய் சொல்ல மாட்டா" என்றார். அதற்கப்புறம் ஊர்ப் பேச்சு மாறிவிட்டது. மூன்று குதிரை தின்று நன்றாக இருக்கிறதே, இவன்தான் மூட்டையைத் திறந்துபோட்டுக் கெடுத்திருப்பான், தன் குதிரையைத் தானே கொன்றுவிட்டான் என்று டீக்கடையில் பேசுகிறார்கள். அது ஆரோக்கியராஜ் காதுக்கும் போகிறது. மனுஷன் வெளியே வருவதில்லை.

சும்மா இருக்கச் சொன்னவள் நான். இப்போது வாயைத் திறக்கத் தைரியம் இல்லாமல் அடுப்படியில் நின்றுகொண்டிருக்கிறேன். என்ன செய்வது என்று நீயே சொல்.

வெண்ணிலா

*

கிளியனூர்
22.5.2025

அண்ணனுக்கு,

நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

கடிதங்கள் வந்த அன்றைக்கே போன் போட்டேன். நீங்கள் எடுத்தீர்கள். "சாப்ட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். இவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அப்படியே வெளியே போய்விட்டார். ஏதாவது திட்டியிருந்தால் தேவலை.

அண்ணா, எங்கள் குதிரைகள் நீங்கள் அனுப்பிய புல்லில் ஒரு பிடி தின்றதில்லை. டாக்டர் குதிரைக்கு ஆகாது என்று முதல் நாளே சொல்லிவிட்டார். இரண்டு லோடும் பக்கத்து வீட்டு மாடுகளுக்குப் போனது. ருசித்துத் தின்றன என்று எழுதினது பொய். வேறு எதையும் முகர்வதில்லை என்று எழுதினது அதைவிடப் பெரிய பொய். முதல் பொய் சொன்னபோது கை கூசியது. இரண்டாவது எழுதும்போது கூசவில்லை, அதை நினைத்தால்தான் இப்போது உடம்பே கூசுகிறது. மாப்பிள்ளை என்று நீங்கள் எழுதின ஒரு வார்த்தைக்காக நான் எவ்வளவு வேண்டுமானாலும் எழுதியிருப்பேன்.

ஆரோக்கியராஜ் அண்ணன்மேல் ஒரு தப்பும் இல்லை. புல்லைக் கெடுத்தது அவர் இல்லை, என் கடிதம்தான் ரோசியைக் கொன்றது. என் மற்ற கடிதங்களை எந்த இடத்தில் படித்தீர்களோ அந்த இடத்திலேயே இதையும் படியுங்கள். பவானி பொய்க்காரி என்று ஊர் சொல்லட்டும். அடுத்த பொங்கலுக்கு வண்டி வராது என்று தெரியும். வராவிட்டால் பரவாயில்லை என்று எழுத நினைத்தேன், அதுவும் பொய்யாகிவிடும்.

பவானி

*

முகையூர்
29.6.2025

தங்கை பவானிக்கு,

பதில் எழுத ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. எனக்கு உடம்பு ஒன்றும் இல்லை. உன் அண்ணி உன் கடிதத்தைப் பார்த்துவிட்டுத் தனக்குத் தெரியும் என்பதை அழுதுகொண்டே சொன்னாள். முதலில் அவளிடம் நாலு நாள் பேசவில்லை. அப்புறம் பேசாமல் இருப்பது எனக்குக் கைவந்த வேலையாச்சே என்று தோன்றியது, பேசிவிட்டேன்.

உன் கடிதத்தை நான் யாருக்கும் படித்துக் காட்டவில்லை. அடுப்பில் போட்டுவிட்டேன். டீக்கடைக்குப் போனேன், ஆரோக்கியராஜையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னேன். "எந்தங்கச்சி அடுத்த லெட்டர்லயே குதிரைக்கு ஆவல, நிறுத்திட்டோம்னு எழுதிட்டா. நான்தான் கவுரவம் பாத்துக்கினு அத மறைச்சிட்டேன். ஆரோக்கியராஜ் மேல ஒரு தப்பும் இல்ல" என்றேன். ஆரோக்கியராஜ் டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார். இப்போது குதிரைக்காரர் என்று யாரும் கூப்பிடுவதில்லை.

நீ ஏன் பொய் சொன்னாய் என்று ஊர் கேட்டால், நான் உன் கல்யாணத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும். ஒரு மூட்டைப் புல்லை வேண்டாம் என்று சொன்னால் அண்ணன் மறுபடியும் போய்விடுவான் என்று என் தங்கை பயந்தாள். அப்படி உன்னைப் பயப்பட வைத்தது நான். அதை நாலு பேர் முன்னால் சொல்ல எனக்குத் துணிவில்லை. குதிரையைக் கொன்றவன் என்ற பேர் அதைவிடச் சுலபமாக இருந்தது. இதையும் உன்னிடம் சொல்லிவிடுகிறேன்.

மேல்கழனி சும்மா கிடக்கிறது. பச்சைத் தீவனப்புல்லின் தண்டுக் கரணை வாங்கி நடலாமா என்று பார்க்கிறேன். குதிரைகளுக்கு ஆகுமா, எழுது.

பாண்டுரங்கன்

*

கிளியனூர்
13.7.2025

அண்ணனுக்கும் அண்ணிக்கும்,

வணக்கம். இவர் நலம், நான் பரவாயில்லை. குதிரைகள் மூன்றும் கொட்டகையில் நிற்கின்றன, ஆடி பிறக்கப்போவதால் இனி ஒரு மாதம் முகூர்த்தம் இல்லை, வேலையும் இல்லை.

உங்கள் கடிதம் வந்த மறுநாள் முகையூருக்கு வந்தேன். உங்களுக்குச் சொல்லவில்லை. விழுப்புரத்தில் பஸ் மாறி வந்து இறங்கி, நேரே ஆரோக்கியராஜ் அண்ணன் வீட்டுக்குப் போனேன். என் பேரைக் காப்பாற்ற நீங்கள் சொன்னதும் பொய்தான் அண்ணா. அந்த மனுஷன் ஏற்கெனவே ஒரு பொய்யால் குதிரையைப் பறிகொடுத்திருக்கிறார், இன்னொன்றை அவர் தலையில் கட்ட வேண்டாம் என்று நினைத்தேன்.

வெறும் கொட்டகையில் உட்கார்ந்து கயிறு திரித்துக்கொண்டிருந்தார். யார் என்று சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அடித்தால்கூட வாங்கிக்கொள்ளத்தான் போனேன். அவர் கயிற்றைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

"மூட்டையப் பிரிச்சப்பவே எனக்கு அந்த வாசன சரியாப் படலம்மா. நானும் எத்தினி வருஷமா குதிர வெச்சிக்கினு இருக்கேன், தெரியாதா? ஆனா உங்க அண்ணன் அவ்ளோ ஆசையா கொண்டாந்து எறக்கனாரு. அவர் கையாலயே எடுத்துப் போட்டாரு. மூஞ்சியப் பாத்துக்கினு எப்படி வாணாம்னு சொல்றது? நானும் சும்மா நின்னுட்டேன்."

என்னால் அந்த இடத்தில் நிற்க முடியவில்லை. அவர் என்னைத் திட்டவில்லை, என்னையும் அவரையும் ஒன்றாக வைத்துப் பேசினார். நான் அவர் ரோசியைக் கொன்றவள், என்னோடு சேர்ந்து அவரும் வெட்கப்பட்டார்.

வீட்டில் இவரோடு பேசிவிட்டுத்தான் போயிருந்தேன். ஆரோக்கியராஜ் அண்ணனிடம், செவலையை உங்கள் கொட்டகையில் கட்டுகிறோம், நீங்கள் கல்யாணத்துக்கு ஓட்டிக்கொள்ளுங்கள் என்றேன். "வாணாம்மா" என்றார். "இன்னொரு குதிரய இங்க பாக்க எனக்கு மனசு வரல. கோச்சிக்காத." கோபிக்கிற உரிமை எனக்கு எங்கே இருக்கிறது? ஆனால் வேண்டாம் என்பதை நேராக, என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

திரும்பி வரும்போது உங்கள் தெரு வழியாகத்தான் வந்தேன். அண்ணி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். கூப்பிடாமல், முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு தாண்டிப் போய்விட்டேன். பஸ்ஸில் திண்டிவனம் வரும்வரை யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

நீங்கள் கேட்டிருந்தீர்கள். பச்சைத் தீவனப்புல் வேண்டாம், அண்ணா. அந்த ரகப் புல்லைத் தினமும் தின்றால் குதிரைக்கு எலும்பு கெட்டுவிடும் என்கிறார் டாக்டர். எங்களுக்காக ஒன்றும் நட வேண்டாம். நெல்லே போடுங்கள்.

உங்கள் தங்கை
பவானி